ஓட்ஸ் பாரும் மாமாவின் கணக்குச் சீட்டும்



நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கோவில்பட்டியில் கணவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன், மாமனார் என்று எங்கள் வீட்டில் ஐந்து பேர். இன்று நான் எழுதுவது ஒரு பலகாரத்தைப் பற்றி. ஆனால் செய்முறையை மட்டும் எழுதிவிட்டு, அதனால் என் வீட்டில் நடந்ததை மறைத்துவிட்டால் அது பாதி உண்மையாகிவிடும். எனவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் நாத்தனார் கல்யாணமாகி அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் இருக்கிறாள். 2024 ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் பிள்ளைகள் இரண்டும் முறுக்கு, அதிரசம் எதையும் தொடவில்லை. "அங்கே ஓட்ஸ் சாக்லேட் பார்னு ஒண்ணு செய்து கொடுப்பேன் மதினி. அதைத்தான் கேக்குதுக" என்று சொல்லி, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து அவளே செய்தாள். என் பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அன்றே நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

சாக்லேட் துணுக்கு போட்ட பிஸ்கட்டை அமெரிக்காவில் முதலில் பிரபலமாக்கியது ரூத் வேக்ஃபீல்டு என்ற பெண்மணியாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்ற ஊரில் கணவரோடு 'டோல் ஹவுஸ்' என்ற விடுதியை நடத்தி வந்தவர். 1930-களில் சாக்லேட் கட்டியைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக நறுக்கி, பிஸ்கட் மாவில் போட்டுச் சுட்டிருக்கிறார். இன்று அங்கே அந்தப் பிஸ்கட் செய்யாத வீடு குறைவு என்றாள் நாத்தனார். அந்த மாவோடு ஓட்ஸைச் சேர்த்து, ஒவ்வொன்றாக உருட்டித் தட்டாமல் ஒரே தட்டில் பரப்பிச் சுட்டு, வில்லை போட்டால் அதுதான் பார். "நம்ம ஊர் கடலை மிட்டாயைத் தட்டிலே பரப்பி வில்லை போடுற மாதிரிதான் மதினி, ஒண்ணும் கஷ்டமில்ல" என்று அவள் சொன்னபோது எனக்குத் தைரியம் வந்துவிட்டது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய் ஊர்க்காரிக்கு வில்லை போடத் தெரியாதா என்ன?

நாத்தனார் சொன்ன அளவை முதலில் தருகிறேன். அவசரப்பட்டு இந்த அளவிலேயே செய்துவிடாதீர்கள். கடைசிவரை படித்துவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள்.

நாத்தனார் சொன்ன அளவு

ஓட்ஸ் ஒன்றரை கப் (135 கிராம்), மைதா ஒரு கப் (125 கிராம்), உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், நாட்டுச் சர்க்கரை 150 கிராம், சீனி 50 கிராம், முட்டை ஒன்று, ஆப்ப சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன், சாக்லேட் துணுக்கு 150 கிராம்.

வெண்ணெயை உருக்கி, நன்றாக ஆறவிட்டு, அதில் நாட்டுச் சர்க்கரையையும் சீனியையும் போட்டுக் கரண்டியால் கலக்க வேண்டும். பிறகு முட்டை, எசன்ஸ். இன்னொரு பாத்திரத்தில் மைதா, சோடா, உப்பு மூன்றையும் சலித்து, ஓட்ஸைச் சேர்த்து, வெண்ணெய்க் கலவையில் கொட்டிக் கிளற வேண்டும். கடைசியில் சாக்லேட். எட்டு அங்குலச் சதுரத் தட்டில் வெண்ணெய் தடவி, காகிதம் போட்டு, மாவைப் பரப்பி, 180 டிகிரி சூட்டில் 20 முதல் 25 நிமிடம் சுட்டால் ஆயிற்று. பதினாறு வில்லை வரும். மிக்ஸி வேண்டாம், பீட்டர் வேண்டாம், ஒரு கரண்டி போதும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நாத்தனார் ஊருக்குப் போனபிறகு நான் தனியாகச் செய்தபோது எத்தனை கூத்து!

முதல் தடவை இவரிடம் ஓட்ஸ் வாங்கி வரச் சொன்னேன். மனிதர் மசாலா ஓட்ஸ் வாங்கி வந்துவிட்டார். நானும் கவரைப் பார்க்காமல் கொட்டிவிட்டேன். வெனிலா வாசனையும் பூண்டு வாசனையும் சேர்ந்து வீடே மணத்தது! சாக்லேட் சாம்பார் என்று என் மகன் பெயர் வைத்துவிட்டான். இரண்டாம் தடவை வெண்ணெய் ஆறுவதற்குள் முட்டையை ஊற்றிவிட்டேன். முட்டை வெந்து பொரியலாகிவிட்டது. மூன்றாம் தடவை மாவு வெதுவெதுப்பாக இருக்கும்போதே சாக்லேட்டைப் போட்டதால் எல்லாம் கரைந்து மாவே கறுத்துப் போனது. ருசி மோசமில்லை, பார்க்கத்தான் சகிக்கவில்லை. நான்காம் தடவை எல்லாம் நன்றாக வந்தது. சூட்டோடு கடலை மிட்டாய் போலவே வில்லை போட்டேன், பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. கடலை மிட்டாய்ப் பாகு ஆறினால் இறுகிவிடும் என்பதால் சூட்டிலேயே வில்லை போட வேண்டும். இது நேர் எதிர். முழுக்க ஆறினால்தான் வில்லை நிற்கும்.

எங்கள் வீட்டில் அவன் கிடையாது. நாத்தனார் வந்தபோது பக்கத்து வீட்டு அவனில் செய்தாள். தினம் போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா? என் மாமியார் இருந்த காலத்தில் பழைய கனமான அலுமினியச் சட்டியில் மணலைக் கொட்டி, மேலே தட்டை வைத்து மூடி, நான்கத்தாய் சுடுவார்கள். அது நினைவுக்கு வந்தது. அதே சட்டியைப் பரணிலிருந்து இறக்கி, மணலுக்குப் பதில் கல்லுப்பைப் பரப்பி, மேலே இட்லிச் சட்டி வளையத்தை வைத்து, பத்து நிமிடம் மிதமான தீயில் சூடேற்றி, தட்டை இறக்கி, இறுக்கமாக மூடி, சிறு தீயில் 35 முதல் 40 நிமிடம் வைத்தேன். அருமையாக வந்தது. அத்தை போய் மூன்று வருடம் ஆகிறது. அந்தச் சட்டியை அடுப்பில் பார்த்ததும் மாமா ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டார்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மாமனாருக்கு வயது எழுபத்தொன்று. இந்த ஊரில் ஒரு கடலை மிட்டாய்க் கடையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். பதினோரு வருடமாகச் சர்க்கரை வியாதி. வாழ்நாளெல்லாம் மிட்டாய் நடுவில் உட்கார்ந்திருந்தவர், வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஒரு வில்லை தொட்டதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அந்தச் சராசரி அளவு 7.2-ஐத் தாண்டாமல் வைத்திருந்தார்.

நான் என்ன நினைத்தேன்? ஓட்ஸ் என்றால் சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓட்ஸ் கவரில் இதயப் படம் போட்டிருக்கிறது. சீனி கொஞ்சம்தான், மீதி நாட்டுச் சர்க்கரைதானே, அது உடம்புக்கு நல்லதாயிற்றே. பாவம், மனிதர் நாலு மணிக்குச் சப்பென்ற டீயை மட்டும் குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இப்படி நினைத்து, ஜூலை மாதத்திலிருந்து தினம் நாலு மணிக்கு ஒரு தட்டில் இரண்டு வில்லை வைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

"எனக்கு ஆகுமா தாயி?" என்று முதல் நாள் கேட்டார்.

"தாராளமா சாப்பிடுங்க மாமா, ஓட்ஸ்தான்" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும், எதிர்வீட்டு அக்காவும் கேட்டபோதும் இதே பதிலைத்தான் சொன்னேன். இருவருக்கும் சர்க்கரை உண்டு. அவர்கள் மாதத்துக்கு இரண்டு தட்டு பணம் கொடுத்துச் செய்து வாங்கிக்கொண்டார்கள். முதன்முதலாக என் கையில் நானே சம்பாதித்த காசு! மகளுக்கு அதில் ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

அக்டோபர் முதல் வாரம் மாமாவுக்குப் பரிசோதனை. 7.2 இருந்தது 8.4 ஆகியிருந்தது. சாப்பிட்டபின் எடுத்தது 286. டாக்டர், "என்ன பெரியவரே, வெளியே ஏதாவது இனிப்பு சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். மாமா, "செப்டம்பர்லே சொந்தத்திலே ரெண்டு கல்யாணம் சார், விருந்து சாப்பிட்டேன்" என்றார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஓட்ஸ் பாரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டாக்டர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதினார். வரும் வழியெல்லாம் நான் மாமாவுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தேன். "கல்யாண வீட்டு ஜாங்கிரியைத் தொடலாமா மாமா? ஆசையா இருந்தா வீட்டிலே நம்ம ஓட்ஸ் பாரைச் சாப்பிடுங்க" என்று! இப்போது நினைத்தாலும் முகம் கூசுகிறது.

ஒரு வாரம் கழிந்திருக்கும். மகள் பள்ளியில் உணவுப் பொட்டலங்களில் அச்சிட்டிருப்பதைப் படித்து எழுதிவரச் சொன்னார்களாம். அடுக்களையில் இருந்த சாக்லேட் துணுக்குக் கவரை எடுத்துப் படித்தாள். "அம்மா, நூறு கிராம்லே பாதிக்கு மேலே சீனியாம். அப்புறம் கோகோ வெண்ணெய்னு போடலை, வனஸ்பதி மாதிரி ஏதோ கொழுப்புன்னு போட்டிருக்கு" என்றாள். நான் கரண்டியோடு நின்றுவிட்டேன். அடுத்து அவள் சொன்னதுதான் என்னைத் தூக்கிப் போட்டது.

"இதையே தாத்தாவும் முந்தாநாள் என்கிட்டே படிச்சுச் சொல்லச் சொன்னாரே!"

நேரே திண்ணைக்குப் போனேன். "மாமா, சாக்லேட் கவரை எதுக்குப் படிக்கச் சொன்னீங்க?" என்று கேட்டேன். பதில் பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து நீட்டினார். பின்பக்கம் பென்சிலால் கணக்கு, அவருடைய அச்சுப் போன்ற கையெழுத்தில்.

ஓட்ஸ் 135. பதினாறு பங்கு. ஒரு வில்லைக்கு எட்டரை கிராம்.
நாட்டுச் சர்க்கரையும் சீனியும் 200. சாக்லேட் 150-ல் சீனி 75. ஆக 275. பதினாறு பங்கு. ஒரு வில்லைக்கு 17 கிராம்.
தினம் இரண்டு வில்லை. சீனி 34 கிராம். ஏழு டீஸ்பூன்.

கீழே ஒரு கோடு போட்டு, "பேர் ஓட்ஸ், சரக்கு சீனி" என்று எழுதியிருந்தார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீயில் அரை ஸ்பூன் சீனி போடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த நான், என் கையாலேயே தினம் ஏழு ஸ்பூன் சீனியை அந்த மனிதருக்கு ஊட்டியிருக்கிறேன். மூன்று மாதம்!

"தெரிஞ்சதும் ஏன் மாமா என்கிட்டே சொல்லலை?"

"எப்படித் தாயி சொல்ல? ஆசையாச் செய்யுற. நாலு பேர் காசு கொடுத்து வாங்குறாங்கன்னு சந்தோஷமா இருக்கே. அதான் ரெண்டு நாளா பேரன்கிட்டே கொடுத்துட்டேன்."

"டாக்டர்கிட்டே கல்யாண விருந்துன்னு சொன்னீங்களே?"

"அப்போ நானும் அப்படித்தான் நெனச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் ரெண்டு நாள் விருந்துக்கு மூணு மாசச் சராசரி இப்படி ஏறுமான்னு சந்தேகம் வந்துச்சு. கணக்குப் போட்டேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க அத்தை போனதுக்கப்புறம் நாலு மணிக்கு யாரும் தட்டு நீட்டினதில்லே. நாக்கு ஆசை பாதி, அந்தத் தட்டு பாதி" என்றார்.

தோழிகளே, நான் பத்தொன்பது வருடமாக இந்த வீட்டில் சமைக்கிறேன். சமையலில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்தக் காலண்டர் தாளுக்கு முன்னால் எனக்கு வாயே எழவில்லை.

மறுநாளே மாமாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. நிதானமாகச் சில விஷயங்கள் சொன்னார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஓட்ஸ் நல்லதுதான். அதில் கரையும் நார்ச்சத்து ஒன்று இருக்கிறது. பீட்டா குளுக்கான் என்று பெயர். வயிற்றில் போய்ப் பசைபோல ஆகி, சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும், கொழுப்பையும் குறைக்க உதவும். ஆனால் கொழுப்பு குறைய வேண்டுமானால் தினம் மூன்று கிராம் அந்த நார்ச்சத்து வேண்டும். அதற்கு ஏறத்தாழ 60 முதல் 75 கிராம் ஓட்ஸைக் கஞ்சியாகவோ, காய் போட்ட உப்புமாவாகவோ சாப்பிட வேண்டும். (1997-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஓட்ஸ் இதயநோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று கவரில் போட அனுமதித்ததும் இந்த மூன்று கிராம் கணக்கை வைத்துத்தான் என்று மகள் பிறகு படித்துச் சொன்னாள்.) என் பாரிலிருந்து அது கிடைக்க வேண்டுமானால் தினம் ஏழெட்டு வில்லை சாப்பிட வேண்டும். அப்போது கூடவே 120 கிராம் சீனிக்கு மேல் உள்ளே போகும்! உடம்பு நன்றாக இருப்பவர்களே இந்த மாதிரிச் சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொல்லியிருக்கிறது.

"நாட்டுச் சர்க்கரைதானே டாக்டர்?" என்று கேட்டேன். "வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்திலே ஏறுறப்போ சீனிதாம்மா. கொஞ்சம் தாதுச்சத்து கூட இருக்கலாம். அதுக்காக சுகர்காரங்க அள்ளிச் சாப்பிட முடியாது. மைதாவும் சும்மா இல்லை, அதுவும் ஏத்தும்" என்றார். சேர்த்த மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, மூன்று மாதம் கழித்துப் பார்த்துத் தானே முடிவு சொல்வதாகவும் சொல்லி அனுப்பினார்.

அதைவிடக் கஷ்டமான வேலை இன்னொன்று இருந்தது. பெரியம்மா வீட்டுக்கும் எதிர்வீட்டு அக்கா வீட்டுக்கும் போய், "நான் சொன்னது தப்பு, இது ஸ்வீட்தான், நீங்க சாப்பிடாதீங்க" என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தள்ளிப்போட்டேன். வருகிற காசு போய்விடுமே என்ற எண்ணமும் இருந்தது, மறைப்பானேன்? பிறகு மாமாவின் முகம் நினைவுக்கு வந்தது, போய்விட்டேன். பெரியம்மா, "நல்ல வேளை சொன்னே, நான் ராத்திரி பலகாரத்துக்குப் பதிலா இதைத்தான் ரெண்டு தின்னுட்டிருந்தேன்" என்றார். அக்காவுக்கு என்மேல் ஒரு மாதம் கோபம். நியாயமான கோபம்தான்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகச் சொன்னது. நம் தெருவில் கதவைத் தட்டினால் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள் போலிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன். ஓட்ஸ் லட்டு, ராகி பிஸ்கட், கம்பு கேக், சிறுதானிய அல்வா என்று என்ன பெயர் வைத்தாலும், உள்ளே போட்ட சீனியைத் தராசில் நிறுத்து, வில்லை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். பெயரைப் பார்த்து ஏமாந்தது நான் ஒருத்தியாகவே இருக்கட்டும்.

அதற்காகப் பிள்ளைகளுக்கு இந்தப் பாரையே நிறுத்திவிட்டேனா என்றால் இல்லை. மாமாவே பென்சிலை எடுத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து அளவை மாற்றிக் கொடுத்தார். நான்கைந்து தடவை செய்து பார்த்துச் சரிசெய்த அளவு இது.

எங்கள் வீட்டு அளவு

ஓட்ஸ் 150 கிராம், கோதுமை மாவு 125 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 120 கிராம், முட்டை ஒன்று, பால் இரண்டு அல்லது மூன்று டேபிள்ஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன், சாக்லேட் 80 கிராம்.

செய்முறை அதேதான். பாலை முட்டையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சீனி குறைந்தால் பார் கொஞ்சம் வறண்டு போகும், அதற்காகத்தான் பால். இதை ஐந்துக்கு ஐந்தாக 25 சின்ன வில்லையாகப் போடுங்கள். மாமாவின் கணக்குப்படி ஒரு வில்லைக்குச் சீனி ஆறரை கிராம் வரும், அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் கூட. 17 எங்கே, ஆறரை எங்கே! பிள்ளைகள் முதல் நாள் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டாம் தடவை சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டார்கள்.

சில குறிப்புகள்:

ஓட்ஸ் வாங்கும்போது சாதா ஓட்ஸ்தானா என்று கவரைப் படித்து வாங்குங்கள். மசாலா சேர்த்தது வேண்டாம். அவல் போலத் தட்டையாக இருப்பது நல்லது. ரவை போல உடைத்த ஓட்ஸ் இந்தச் சூட்டில் வேகாது, பல்லில் நறநறக்கும். ஓட்ஸை வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் வறுத்து ஆறவைத்துச் சேர்த்தால் மணம் கூடும்.

நாட்டுச் சர்க்கரையைச் சலித்துக்கொள்ளுங்கள். கல், தூசி இருக்கலாம், கட்டியும் தட்டும்.

சாக்லேட் துணுக்கு கிடைக்காவிட்டால் கறுப்புச் சாக்லேட் கட்டியைக் கத்தியால் நறுக்கிப் போடுங்கள். கவரில் கோகோ வெண்ணெய் என்று இருக்கிறதா, வேறு கொழுப்பா என்று பாருங்கள். நறுக்கிய துணுக்கைக் கால் மணி நேரம் பிரிட்ஜில் வைத்துவிட்டுச் சேர்த்தால் மாவில் கரையாது.

முட்டை சேர்க்காதவர்கள் கால் கப் கெட்டித் தயிர் சேர்க்கலாம். புளிக்காத தயிராக இருக்கட்டும். அப்போது பால் வேண்டாம்.

சட்டியில் செய்பவர்கள் நான்ஸ்டிக் சட்டியை வெறுமனே சூடேற்றாதீர்கள். பழைய கனமான சட்டி போதும். குக்கரில் செய்தால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிடுங்கள், உள்ளே தண்ணீர் ஊற்ற வேண்டாம். பயன்படுத்திய கல்லுப்பு சமையலுக்கு ஆகாது. தனி டப்பாவில் வைத்துக்கொண்டால் திரும்பத் திரும்ப இதற்கே உதவும்.

ஓரம் பொன்னிறமாகித் தட்டை விட்டு விலகினால் இறக்கிவிடலாம். நடுவில் மெத்தென்று இருக்கும், வேகவில்லை என்று பயப்பட வேண்டாம். குச்சியால் குத்தினால் பச்சை மாவு ஒட்டக் கூடாது, அவ்வளவுதான். தட்டிலேயே ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பிறகு வில்லை போடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் நான்கு நாள் தாங்கும். நம் ஊர் வெயிலுக்குப் பிரிட்ஜில் வைப்பது உத்தமம்.

இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதான் எங்கள் வீட்டில் இந்தப் பார். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வில்லை. கேட்டு வருகிறவர்களுக்கும் செய்து கொடுக்கிறேன். ஆனால் டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுவேன். என்னென்ன எத்தனை கிராம், ஒரு வில்லையில் எவ்வளவு சீனி, சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு அல்ல என்று மாமாவின் கையெழுத்திலேயே எழுதியிருக்கும். இதனால் வியாபாரம் குறைந்துவிடும் என்று இவர் சொன்னார். குறையவில்லை. பிள்ளைகளுக்கு வாங்குகிற தாய்மார்கள் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கோபித்துக்கொண்ட அக்காவும் பேரப்பிள்ளைகள் வந்தபோது ஒரு தட்டு கேட்டு அனுப்பினார்.

2025 ஜனவரியில் மாமாவுக்கு மறுபடியும் பரிசோதனை செய்தோம். 7.5. பாரை நிறுத்தியதால் மட்டும் குறைந்தது என்று சொல்லமாட்டேன். மாத்திரையும் சேர்ந்தது, காலையில் பேரனோடு பள்ளிவரை நடக்கவும் ஆரம்பித்திருக்கிறார். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்ததும் டாக்டர் சிரித்துவிட்டு, "உங்க மாமா மாதிரி கணக்குப் பிள்ளை வீட்டுக்கு ஒருத்தர் வேணும்மா" என்றார்.

நாலு மணித் தட்டை மட்டும் நான் நிறுத்தவில்லை. இன்று பாசிப்பயறுச் சுண்டல், நாளைக்குக் கொஞ்சம் வறுத்த கடலை, இன்னொரு நாள் காய் போட்ட ஓட்ஸ் உப்புமா கொஞ்சமாக. சீனியில்லாத டீயும் உண்டு. டீ ஆறும்வரை நானும் திண்ணையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் திண்ணையில் இருந்தால் தட்டை நீட்டுங்கள். நீட்டும் முன் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாரைச் செய்து பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று நீங்களும் எழுதுங்கள், தோழிகளே.

- ஒரு வாசகி, கோவில்பட்டி.